வரியைக் காக்கத் தயாரிப்பாளர் ஆனவர்

1956 ஏப்ரல் 25ஆம் தேதி இரவு அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 'நூன் ஆன் டூம்ஸ்டே' என்ற நாடகம் நேரலையில் போனது. அதற்கு முன்பே அரங்கிலிருந்து கோகோ கோலா பாட்டில்களை எடுத்துவிடச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பாட்டில் கண்ணில் பட்டால் பார்ப்பவர்களுக்குத் தென் மாநிலங்கள் ஞாபகத்துக்கு வரும் என்று காரணம் சொன்னார்கள். வசனத்தில் தெற்கு வாடை அடித்த சொற்கள் எல்லாம் போயின. கதை நடக்கும் ஊர் வடகிழக்கே நியூ இங்கிலாந்துக்குப் போயிற்று. கொலையாகும் மனிதன் எங்கிருந்தோ வந்த பெயர் தெரியாத அந்நியன் ஆனான். எழுதியவர் ராட் செர்லிங். அப்போது அவருக்கு வயது 31.

அவர் எழுத உட்கார்ந்தபோது மனதில் இருந்தவன் எம்மெட் டில். சிகாகோவிலிருந்து மிசிசிப்பியில் உள்ள உறவினர் வீட்டுக்குப் போன 14 வயதுக் கறுப்பினச் சிறுவன். 1955 ஆகஸ்டில் அவனை இரவில் வீடு புகுந்து தூக்கிப்போய், அடித்துக் கொன்று, ஆற்றில் போட்டார்கள். வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி சுமார் ஒரு மணி நேரத்தில் குற்றவாளிகள் இருவரையும் விடுவித்தது. சில மாதங்களில் அந்த இருவரும் பணம் வாங்கிக்கொண்டு ஒரு பத்திரிகைக்குத் தாங்கள்தான் செய்தோம் என்று பேட்டியே கொடுத்தார்கள். இதைத் தொலைக்காட்சியில் அப்படியே சொல்ல விடமாட்டார்கள் என்பது செர்லிங்குக்குத் தெரியும். அதனால் முதல் பிரதியிலேயே செத்தவனை ஒரு வயதான யூத அடகுக்கடைக்காரராக மாற்றியிருந்தார். ஆனால் நிருபர் ஒருவர் இது டில் வழக்கா என்று கேட்டபோது அவர் மறுக்கவில்லை. செய்தி பரவியது. தெற்கே நிறவெறிச் சங்கங்கள் விளம்பரதாரரைப் புறக்கணிப்போம் என்று கடிதங்களாக அனுப்பின.

விளம்பரதாரர் யார் என்று பார்க்க வேண்டும்: யு.எஸ். ஸ்டீல். சோப்போ சிகரெட்டோ விற்கும் நிறுவனம் இல்லை. புறக்கணிப்பு என்றால் தெற்கில் இனிமேல் எல்லாக் கட்டடங்களையும் அலுமினியத்தில் கட்டப்போகிறார்களா என்று செர்லிங் விளம்பர ஏஜென்சிக்காரர்களிடம் கேட்டார். பணத்தைவிடப் பெயர் கெடுவதுதான் கவலை என்று பதில் வந்தது. திருத்தங்கள் வந்தன.

அந்த இரவுதான் செர்லிங்கின் மிச்சத் தொழில்வாழ்வைத் தீர்மானித்தது. எழுதுவதோடு நின்றால் போதாது, எழுதிய வரி திரைக்குப் போய்ச் சேரும் வரை அது தன் பிடியில் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்குள் வேர்விட்டது இங்கேதான். பின்னாளில் அவர் தயாரிப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்ததை அந்தஸ்துக்காக என்றோ பணத்துக்காக என்றோ மட்டும் பார்த்தால் அவரைப் பாதிதான் தெரிந்துகொள்வோம்.

செர்லிங் பிறந்தது 1924 கிறிஸ்துமஸ் அன்று, நியூயார்க் மாநிலத்தின் சிராக்யூஸில். வளர்ந்தது அதே மாநிலத்தின் பிங்ஹாம்டனில். செருப்புத் தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். அப்பாவுக்கு அங்கே இறைச்சிக் கடை. வீட்டிலிருந்து சற்று தூரத்தில் ரிக்ரியேஷன் பார்க்; அதில் ஒரு குதிரை ராட்டினமும் பேண்டு வாசிக்கும் மேடையும். கோடைக்காலம் முழுக்கப் பிள்ளைகள் அங்கேதான் கிடப்பார்கள். ராடுக்குச் சின்ன உருவம், ஓயாத வாய். பள்ளியில் ஹெலன் ஃபோலி என்ற ஆசிரியை அவனுக்குள் இருந்த பேச்சையும் எழுத்தையும் கண்டுகொண்டார். அந்தப் பெயரைச் செர்லிங் மறக்கவில்லை; பல ஆண்டுகள் கழித்து ஒரு கதையின் நாயகிக்கு ஹெலன் ஃபோலி என்றே பெயர் வைத்தார்.

1943இல் பள்ளி முடித்த கையோடு படையில் சேர்ந்தார். ஐந்தடி நாலங்குல உயரம். பாராசூட் படைக்கு இவ்வளவு குள்ளமா என்றவர்களிடம் மல்லுக்கட்டித்தான் இடம் வாங்கினார். பயிற்சி முகாமில் குத்துச்சண்டை போட்டு மூக்கை உடைத்துக்கொண்டார். 11ஆவது வான்வழிப் படைப்பிரிவில், 511ஆவது பாராசூட் காலாட்படையில் பிலிப்பைன்ஸுக்குப் போனார். லெய்ட்டே தீவில் மழையும் சேறும் பசியும். ஒருநாள் அவருடைய நெருங்கிய நண்பன் மற்றவர்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தபோது, வானிலிருந்து போட்ட உணவுப்பெட்டி ஒன்று அவன்மேலே விழுந்தது. செர்லிங்கின் கண்ணெதிரே அந்த இடத்திலேயே இறந்தான். எதிரியின் குண்டால் இறக்கவில்லை, காப்பாற்ற வந்த சோற்றால் இறந்தான். வீரத்தின் கணக்குக்கும் நியாயத்தின் கணக்குக்கும் பிடிபடாத சாவு. செர்லிங்கின் கதைகளில் விதி வந்து தோளைத் தட்டும் விதத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெட்டி எங்கிருந்து விழுந்துகொண்டே இருந்தது என்பது விளங்கும்.

முழங்காலில் பட்ட காயம் கடைசிவரை அவரை விடவில்லை. அவர் படையில் இருந்தபோதே அப்பா மாரடைப்பில் போனார். வீடு திரும்பியபின் பல இரவுகள் அலறிக்கொண்டு எழுந்தார். போரை மனதைவிட்டு இறக்கி வைக்கத்தான் எழுதத் தொடங்கினேன் என்று பின்னாளில் சொன்னார்.

போர்வீரர்களுக்கு அரசு கொடுத்த உதவியில் ஒஹாயோவின் அந்தியோக் கல்லூரியில் படித்தார். அங்கேதான் கேரலைச் சந்தித்து 1948இல் கல்யாணம் செய்துகொண்டார். கையில் காசு இல்லாத காலம். விமானப்படைக்காகப் புதுப் பாராசூட்டுகளைச் சோதித்துக் குதித்து, ஒவ்வொரு குதிப்புக்கும் கூலி வாங்கினார். படிப்பு முடிந்ததும் சின்சினாட்டியில் வானொலி எழுத்தாளர் வேலை. பகலில் விளம்பரமும் நிகழ்ச்சி முன்னுரையும் எழுதுவது. ராத்திரியில் சமையலறை மேஜையில் தொலைக்காட்சிக்கு நாடகம். அனுப்பியவற்றில் பல திரும்பி வந்தன. கேரலிடம் கலந்து பேசிவிட்டு ஒருநாள் வேலையை விட்டார். மாதச் சம்பளம் இல்லாமல் குடும்பம் நடத்தப்போகிறோம் என்று தெரிந்தே அந்தப் பெண் சரி என்றார். இந்தக் கதையில் கேரலின் அந்தச் சம்மதத்துக்கு உரிய இடம் தரப்படுவதே இல்லை.

அன்றைய தொலைக்காட்சி நாடகம் எப்படி இருந்தது என்பதை இன்றைக்குக் கற்பனை செய்வது கடினம். எல்லாமே நேரலை. மூன்று நான்கு கனமான கேமராக்கள் கேபிளை இழுத்துக்கொண்டு ஒரு அரங்கிலிருந்து இன்னொரு அரங்குக்கு உருளும். ஒரு காட்சி முடிந்து விளம்பரம் ஓடும் இடைவெளிக்குள் நடிகர் சட்டையை மாற்றிக்கொண்டு அடுத்த செட்டுக்கு ஓட வேண்டும். வசனம் மறந்தால் நாடே பார்க்கும். நல்ல தரத்தில் திரும்ப ஒளிபரப்ப வேண்டுமென்றால் எல்லாரும் கூடி மறுபடி நடிக்க வேண்டும்.

1955 ஜனவரி 12ஆம் தேதி 'கிராஃப்ட் டெலிவிஷன் தியேட்டர்' வரிசையில் அவருடைய 'பேட்டர்ன்ஸ்' ஒளிபரப்பானது. ஒரு பெரிய நிறுவனத்தில், வயதான நல்ல அதிகாரி ஒருவரை முதலாளி கொஞ்சம் கொஞ்சமாக அவமானப்படுத்தி விரட்டுகிறார். அவர் இடத்துக்கு வந்திருக்கும் இளைஞன் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவ்வளவுதான் கதை. மறுநாள் காலையில் செர்லிங் வீட்டுத் தொலைபேசி ஓயவில்லை. நியூயார்க் டைம்ஸின் ஜாக் கூல்ட் மனம்விட்டுப் பாராட்டி எழுதினார். நான்கு வாரம் கழித்து, பிப்ரவரி 9ஆம் தேதி, அதே நடிகர்களை அழைத்து நாடகத்தை மறுபடி நேரலையில் நடத்தினார்கள். அப்படி ஒரு மரியாதை அன்று தொலைக்காட்சி நாடகங்களுக்கு அரிதாகவே கிடைத்தது. முதல் எம்மி விருதும் அதற்குத்தான்.

அடுத்த ஆண்டு அக்டோபரில் 'ரெக்வியம் ஃபார் எ ஹெவிவெயிட்'. 'பிளேஹவுஸ் 90' என்ற தொண்ணூறு நிமிட வரிசையின் இரண்டாவது நாடகம். அடி வாங்கி வாங்கி முகம் கோணிப்போன குத்துச்சண்டைக்காரன், இனி மேடையேற முடியாது என்று டாக்டர் சொன்னபின் எங்கே போவான்? வளையத்துக்குள் நின்று அடி வாங்கிய ஆள் எழுதிய கதை என்பது ஒவ்வொரு காட்சியிலும் தெரியும். ஜாக் பேலன்ஸ் அந்த மல்லனாக நடித்தார்.

இந்த நாடகத்தின் ஒத்திகையை விவரித்தே ஆக வேண்டும். மல்லனின் பயிற்சியாளராக நடிக்க வந்தவர் எட் வின். மேடையில் பல்லாண்டு கோமாளி வேஷம் போட்டுப் பேர் வாங்கியவர். எழுபதை நெருங்கும் வயது. உருக்கமான வேஷம் அவருக்குப் புதிது. அவருடைய மகன் கீனன் வின் மேலாளர் பாத்திரத்தில். ஒத்திகையில் எட் வின்னுக்கு வசனம் நிற்கவில்லை. திணறும்போதெல்லாம் பழைய கோமாளிச் சிரிப்பை உதிர்த்துச் சமாளித்தார். செர்லிங்குக்கு வயிற்றைக் கலக்கியது. கிழவரை மாற்றிவிடலாம் என்று பேச்சு எழுந்தது. இயக்குநர் ரால்ஃப் நெல்சன் அசையவில்லை. நெட் கிளாஸ் என்ற நடிகரைச் சத்தமில்லாமல் அந்த வேஷத்துக்குத் தயார்செய்து வைத்துக்கொண்டு, மேடைக்கு எட் வின்னையே அனுப்பினார்கள். நேரலை தொடங்கியது. அவர் ஓர் இடத்தில் தடுமாறினார்; மகன் தாங்கிப் பிடித்து ஓட்டினார். மற்றபடி, தோற்றுப்போன ஒரு வீரனை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் அந்தக் கிழவராகவே நின்றார். அன்றிரவுக்குப் பிறகு எட் வின்னுக்கு உருக்கமான வேடங்கள் வரிசையாக வந்தன. நெல்சன் இந்தச் சம்பவத்தையே 1960இல் தனி நாடகமாக எடுத்தார். அதற்கு முன்பே, 1957இல், பிபிசி 'ரெக்வியம்' நாடகத்தைப் போட்டபோது மல்லனாக நடித்த பெயர் தெரியாத இளைஞர் ஷான் கானரி.

இவ்வளவு வெற்றி கிடைத்த நாடகத்திலேயே 'தீப்பெட்டி இருக்கா?' என்று ஒருவன் கேட்கும் வசனத்தை வெட்டினார்கள். விளம்பரம் கொடுத்தது ரான்சன் லைட்டர்.

இதில் ஓரளவுக்கு மேல் கோபப்பட ஒன்றுமில்லை என்று தோன்றலாம். ஒரு தீப்பெட்டியால் நாடகம் கெட்டுப்போவதில்லைதான். ஆனால் தீப்பெட்டியை வெட்டிய அதே கைதான் எம்மெட் டில்லையும் வெட்டியது. 1959இல் இதே 'பிளேஹவுஸ் 90' வரிசையில் ஆபி மேன் எழுதிய 'ஜட்ஜ்மென்ட் அட் நியூரம்பர்க்' வந்தது. நாஜிகளின் கொலைக்கூடங்களைப் பற்றிப் பேசும் இடத்தில் 'வாயு' என்ற சொல் வரும்போதெல்லாம் ஒலியை அணைத்தார்கள். விளம்பரதாரர் எரிவாயு நிறுவனங்களின் சங்கம். லட்சக்கணக்கானோரின் சாவுக்கு மேலே ஒரு அடுப்பின் விற்பனை நின்றது.

டில்லைச் செர்லிங் விடவில்லை. 1958 ஜூனில் 'எ டவுன் ஹேஸ் டர்ன்ட் டு டஸ்ட்' என்று மறுபடி முயன்றார். இந்த முறை கதையை நூறு ஆண்டு பின்னுக்குத் தள்ளித் தென்மேற்குப் பாலைவன ஊருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். கொல்லப்படும் இளைஞன் மெக்சிகன் ஆனான். ஜான் ஃபிராங்கன்ஹைமர் இயக்கம், ராட் ஸ்டைகர் நடிப்பு. நாடகம் நன்றாகவே இருந்தது. எழுதியவரின் நெஞ்சில் மட்டும் முள் அப்படியே இருந்தது. இதற்கு முன்பே அமெரிக்க செனட்டைப் பற்றி ஒரு நாடகம் எழுதி, அதில் எந்த செனட்டரும் எந்தக் கட்சியையும் எந்த நடப்புப் பிரச்சினையையும் தொடக்கூடாது என்ற நிலையில் மாட்டியிருந்தார். பேசாமல் கதையை 2057இல் வைத்து, செனட்டை ரோபோக்களால் நிரப்பியிருந்தால் இன்னும் முதிர்ந்த நாடகம் ஒன்று கிடைத்திருக்கும் என்று பின்னால் எழுதினார்.

'த ட்வைலைட் ஸோன்' என்ற விநோதக் கதைத் தொடர் பிறந்த இடம் அந்த வாக்கியம்.

1959 செப்டம்பரில், தொடர் தொடங்க சில நாட்கள் இருக்கும்போது, தொலைக்காட்சிப் பேட்டியாளர் மைக் வாலஸ் அவரைப் பேட்டி கண்டார். அப்படியானால் முக்கியமானதை எழுதுவதை விட்டுவிட்டீர்களா என்ற பொருளில் நேருக்கு நேர் கேட்டார். செர்லிங் கையில் சிகரெட்டோடு, சண்டை போட்டுக் களைத்துவிட்டேன், இது முதிர்ந்தவர்கள் பார்க்கும் பொழுதுபோக்கு, சமூகப் பிரச்சினையைத் தொடப் போவதில்லை என்கிற ரீதியில் பதில் சொன்னார். சொன்னபடி அவர் நடக்கவில்லை. நடக்காமல் போனதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

இந்தத் தடவை அவர் வெறும் எழுத்தாளராகப் போகவில்லை. கயூகா புரொடக்ஷன்ஸ் என்று சொந்த நிறுவனம் தொடங்கினார். குடும்பம் கோடைதோறும் தங்கிய ஏரியின் பெயர் அது. கதைகளைத் தேர்வது, எழுத்தாளர்களை அழைப்பது, எடுத்ததைப் பார்த்து ஒப்புவது எல்லாம் அவர் கையில். தினசரித் தயாரிப்பை பக் ஹாட்டன் சுமந்தார். முதல் ஆண்டுக் கதைகளில் பெரும்பகுதியைச் செர்லிங்கே எழுத வேண்டும் என்பது ஒப்பந்தம். ஒலிப்பதிவுக் கருவியில் பேசிப் பேசியே திரைக்கதை சொல்வார். பாத்திரங்களின் குரல்களை எல்லாம் தானே நடித்துக் காட்டுவார். செயலாளர் தட்டச்சு செய்வார். ஐந்து ஆண்டுகளில் வந்த 156 அத்தியாயங்களில் 92 அவர் எழுதியவை. மீதியில் பெரும்பாலானவை சார்ல்ஸ் போமான்ட்டும் ரிச்சர்ட் மாத்திசனும் எழுதியவை. நல்ல எழுத்தாளர்களைத் தன் பக்கத்தில் உட்கார வைக்கும் துணிச்சல் எல்லாத் தயாரிப்பாளர்களுக்கும் வருவதில்லை.

படப்பிடிப்பு எம்ஜிஎம் ஸ்டுடியோவில். பழைய படங்களுக்குப் போட்ட தெருக்களும் வீடுகளும் அங்கே அப்படியே நின்றன. 'ஃபர்பிடன் பிளானட்' படத்துக்குச் செய்த உடைகளும் சாமான்களும் கிடங்கில் இருந்தன. குறைந்த செலவில் ஒவ்வொரு வாரமும் வேறோர் உலகத்தைக் காட்ட முடிந்தது அதனால்தான். 1960 மார்ச்சில் வந்த 'த மான்ஸ்டர்ஸ் ஆர் டியூ ஆன் மேப்பிள் ஸ்ட்ரீட்' ஒரே ஒரு தெருவில் முடிந்துவிடுகிறது. மின்சாரம் போகிறது. கார் கிளம்ப மறுக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் வேற்றுக்கிரகவாசியாக இருப்பாரோ என்று ஒருவர் வாய்விட, விடிவதற்குள் அண்டை அயலார் ஒருவரையொருவர் கல்லெறிந்து துரத்துகிறார்கள். எம்மெட் டில்லைக் கொன்ற ஊரும், கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த நாடும் அந்தத் தெருவில் இருந்தன. வேற்றுக்கிரகவாசி என்று எழுதியிருந்ததால் விளம்பரதாரர் கத்தரியை எடுக்கவில்லை.

'ஐ ஆஃப் தி பிஹோல்டர்' எடுத்த விதம் இன்னும் நுட்பம். முகம் முழுக்கக் கட்டுப்போட்ட பெண் மருத்துவமனையில் படுத்திருக்கிறாள்; அரசு விதித்த அழகுக்கு அவள் முகம் பொருந்தவில்லை. கடைசி நிமிடம் வரை டாக்டர், நர்ஸ் எவர் முகமும் நமக்குத் தெரியக் கூடாது. இயக்குநர் டக்ளஸ் ஹேஸ் நடிகர்களைக் குரலை வைத்தே தேர்ந்தெடுத்தார். ஆட்கள் நிழலுக்குள் நடக்கிறார்கள், விளக்குக்கு முதுகு காட்டுகிறார்கள், திரைக்குப் பின்னால் நின்று பேசுகிறார்கள். கட்டுக்குள்ளிருந்து பேசியவர் மேக்சின் ஸ்டூவர்ட். கட்டு அவிழ்ந்ததும் தெரிந்த அழகி டான்னா டக்ளஸ். அவளைச் சுற்றி நின்றவர்களுக்குப் பன்றி மூக்கும் கோணிய உதடும். வில்லியம் டட்டில் செய்த ஒப்பனை. இடையே சுவரில் உள்ள திரையில் ஒரு தலைவர் ஒரே மாதிரி இருப்பதன் பெருமையை முழங்கிக்கொண்டிருக்கிறார். பொழுதுபோக்கு என்று வாலஸிடம் சொன்ன நிகழ்ச்சி இது.

பிலிப்பைன்ஸும் திரும்ப வந்தது. 'த பர்ப்பிள் டெஸ்டமென்ட்' கதையில், சாகப்போகும் வீரர்களின் முகத்தில் ஒரு விநோத வெளிச்சம் அவர்களுடைய அதிகாரியின் கண்ணுக்கு மட்டும் தெரிகிறது. 'எ குவாலிட்டி ஆஃப் மெர்ஸி' கதையில் போர்வெறி பிடித்த அமெரிக்க இளம் அதிகாரி திடீரென்று ஜப்பானிய அதிகாரியாகிவிடுகிறார். குகைக்குள் காயம்பட்டுக் கிடப்பவர்கள் இப்போது அமெரிக்கர்கள். எதிரியை மனிதனாகப் பார்க்கச் சொல்லும் கதையை, அந்தத் தீவுகளில் அந்த எதிரியோடு சண்டையிட்டு உடம்பில் தழும்போடு திரும்பியவர் எழுதினார். அதற்கு இருக்கும் எடை வேறு எவர் எழுதினாலும் வராது. 'வாக்கிங் டிஸ்டன்ஸ்' கதையில் களைத்துப்போன விளம்பரத்துறை அதிகாரி தன் பால்யகால ஊருக்குள் நடந்து போய் இறந்துபோன அப்பாவைச் சந்திக்கிறார். பிங்ஹாம்டன் ராட்டினமும் பேண்டு மேடையும் அதில் இருக்கின்றன. அப்பாவின் சாவுக்குப் பக்கத்தில் இருக்க முடியாத மகனும்.

1964இல் தொடர் நின்றது. சலித்துப்போயிருந்த செர்லிங் தன் பங்கைச் சிபிஎஸ்ஸுக்கே விற்றுவிட்டார். மறுஒளிபரப்பில் அது எத்தனை தலைமுறைக்கு ஓடும் என்பதை அன்றைக்கு யாரும் கணக்கிடவில்லை. சினிமாவுக்கும் எழுதினார்: 'செவன் டேஸ் இன் மே', மைக்கேல் வில்சனோடு பெயரைப் பகிர்ந்துகொண்ட 'பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்'. 1966இல் விமானத்துக்குள் வெடிகுண்டு என்று ஒரு தொலைக்காட்சிப் படம் எழுதினார். அது ஒளிபரப்பானதும் விமான நிறுவனங்களுக்கு அதேபோல மிரட்டல் அழைப்புகள் வந்தன. இதற்குப் பதில் ஒரு குதிரைவண்டிக் கதை எழுதியிருக்கலாமே என்று செர்லிங் வெளிப்படையாக வருந்தினார்.

1970இல் என்பிசியில் 'நைட் கேலரி' தொடங்கியபோது தயாரிப்புப் பொறுப்பை அவர் ஏற்கவில்லை. களைப்பு ஒரு காரணம். எழுதுவது, ஓவியத்தின் முன் நின்று கதையை அறிமுகப்படுத்துவது, அவ்வளவு போதும் என்று நினைத்தார். கொஞ்ச நாளில் விளைவு தெரிந்தது. கதைகளைத் தீர்மானித்தவர் தயாரிப்பாளர் ஜாக் லேர்ட். செர்லிங்கின் கதைகள் திருத்தப்பட்டன, சில மறுக்கப்பட்டன. கதைகளுக்கு நடுவே அவருக்குப் பிடிக்காத துணுக்குக் காட்சிகள் சேர்ந்தன. ஜனங்கள் அவர் முகத்தைப் பார்த்து இது செர்லிங்கின் நிகழ்ச்சி என்று நம்பினார்கள். அவர் கையில் இருந்தது முகம் மட்டும். அந்த வேதனைக்கு நடுவிலும் 1971இல் 'தே ஆர் டேரிங் டவுன் டிம் ரைலீஸ் பார்' என்ற கதையைக் கொடுத்தார். இடிக்கப்படப்போகும் பழைய மதுக்கடையில் தன் இளமையைத் தேடும் ஒரு நடுவயது விற்பனையாளர். நடித்தவர் வில்லியம் விண்டம். எம்மி பரிந்துரை கிடைத்தது. அவர் எழுதியதில் முதல் வரிசையில் வைக்க வேண்டியது அது.

கடைசி ஆண்டுகளில் கயூகா ஏரியின் தெற்கு முனையில் உள்ள இத்தாக்கா கல்லூரியில் பாடம் நடத்தினார். தன் பழைய அத்தியாயங்களை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டுவார். இந்த இடத்தில் பேச்சு நீளம், இங்கே நான் பிரசங்கம் செய்திருக்கிறேன் என்று தானே பிரித்துப்போடுவார். ஆறு எம்மி வாங்கியவர் இருபது வயதுப் பிள்ளைகளின் முன் அப்படிச் சொன்னது வெறும் அடக்கம் இல்லை; வசனத்தில் எங்கே கத்தரி வைக்கலாம், எங்கே வைக்கவே கூடாது என்று எழுதுகிறவனுக்குத்தான் முதலில் தெரிய வேண்டும் என்று அவர் நினைத்தார். புகைப்பழக்கம் இதயத்தைத் தின்றிருந்தது. 1975 ஜூன் 28ஆம் தேதி, ராச்சஸ்டரில் இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு இறந்தார். வயது 50. தான் தயாரிப்பாளராக நின்று காத்த அந்த 92 கதைகளில் பலவற்றை உலகம் இன்னும் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவருக்குப் பின் அமெரிக்கத் தொலைக்காட்சியில், தொடரை எழுதுகிறவரே அதை நடத்துகிறவராகவும் இருப்பது வழக்கமாகிவிட்டது.